கடலை வலது கைப்பக்கம் வைத்துத் தெற்கே போன கதை

கோமதி, கார்த்தி... இந்த வாரம் உங்கள் இரண்டு பேரையும் பேப்பரில் போடப் போகிறேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வரக் கூடாது. நடந்ததைத்தான் எழுதுகிறேன். அதில் அதிகமாக மானம் போவது அப்பாவுக்குத்தான்!

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. கோமதி என் மூத்த மகள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது — கப்பல் சரக்குப் போக்குவரத்து சம்பந்தமான படிப்பு. அவளே ஆசைப்பட்டுக் கேட்டது. ஆனால் ஹாஸ்டலில் சேர வேண்டிய வாரம் வந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"நான் போகலப்பா. இங்கனயே ராஜபாளையத்துல ஏதாவது காலேஜ்ல சேத்து விட்டிருங்க. அங்க எனக்கு ஒரு தெருவும் தெரியாது, ஒரு ஆளும் தெரியாது."

"ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துல அம்புட்டுக் கூட்டத்துக்குள்ள தனியா போயிட்டு வந்தவ நீ!"

"அது நம்ம ஊருப்பா."



அவள் அம்மாதான் ஒரு வழி சொன்னாள். "கூட்டிட்டுப் போயி ஊரச் சுத்திக் காட்டுங்க. சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்பவும் முடியாதுன்னா பெட்டியத் தூக்கிட்டு வந்திருங்க. அழுக வச்சு விட்டுட்டு மட்டும் வரக் கூடாது."

ஆக, சாயங்காலம்தான் கெடு. பெட்டி அங்கே இருக்குமா, திரும்பி வருமா?

நான், கோமதி, கடைக்குட்டி கார்த்தி — மூன்று பேரும் கோவில்பட்டி வழியாக பஸ்ஸில் போய் இறங்கினோம். பெட்டியை ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் வைத்துவிட்டு வெளியே வந்தோம். கோமதியின் ஃபோனுக்குக் கல்லூரி சீனியர்கள் ஒரு மேப் அனுப்பியிருந்தார்கள். பழைய துறைமுகப் பகுதியை கைடு யாரும் இல்லாமல் நாமே நடந்து பார்க்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நம்பர், இரண்டு வரி விவரம். அவ்வளவுதான்.

ஃபோனை நான் வாங்கிக்கொண்டேன். அப்பா முன்னால் போனால்தானே பிள்ளைக்குத் தைரியம் வரும்?

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. மாதா கோயிலைப் பார்த்தோம். தூண் வைத்த பழைய கப்பல் கம்பெனிக் கட்டடங்களைப் பார்த்தோம். துறையில் பெரிய பெரிய தோணிகளில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இம்புட்டு வெங்காயமும் எங்கப்பா போகுது?" என்றான் கார்த்தி.

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி, "மாலத்தீவுக்குலே" என்றாள். சொல்லும்போது கண்ணில் ஒரு வெளிச்சம். கவனித்துக்கொண்டேன்.

அடுத்தது உப்புக் குடோன். 'கடற்கரைச் சாலையில் தெற்கே செல்லவும்' என்று போட்டிருந்தது.

"லொகேஷன் போட்டுப் பாத்துக்கிருவோம்பா" என்றாள் கோமதி.

"அதெல்லாம் எதுக்கு? தெக்குன்னா தெக்கு."

பிள்ளைகளே, எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் திசை சொல்லித் தர வேண்டாம். ஊர் முடிகிற இடத்தில் மலை நிற்கும். அது மேற்கு. ராஜபாளையத்திலிருந்து தெற்கே சேத்தூருக்குப் போனால் மலை வலது கைப்பக்கம் வரும். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் இடது கைப்பக்கம். இதை நாங்கள் யோசிப்பதே இல்லை. கால் தானாகப் போகும்.

தூத்துக்குடியில் ஊர் முடிகிற இடத்தில் கடல் நின்றது. உச்சி வெயில், நிழலைப் பார்த்தும் திசை தெரியாது. கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, நான் பாட்டுக்கு 'தெற்கே' நடந்தேன்...

நடந்தோம், நடந்தோம். குடோன் வரவில்லை.

"அப்பா, உப்புக் குடோன்ல எதுக்குக் கருவாட்டு வாசம் அடிக்குது?" என்றான் கார்த்தி.

"உப்பு இல்லாமக் கருவாடு ஏதுலே? பக்கத்துலதான் இருக்கும். வா."

கோமதி நின்றுவிட்டாள். ஒரு வாரமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பெண், நேராக ஒரு சர்பத் கடைக்குப் போனாள். "அண்ணாச்சி, இந்த ரோடு தெக்க போகுதா, வடக்க போகுதா?"

"வடக்க போகுதும்மா."

நான் விடுவேனா? "அது எப்படிங்க? கடல் மேக்கதான இருக்கு?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் கெழக்கதான் இருந்துச்சு, அண்ணாச்சி. ராத்திரியோட ராத்திரியா மாத்தி வச்சிட்டாங்களோ என்னமோ!"

கோமதிக்குப் பிடிபட்டுவிட்டது. "அப்பா... நீங்க கடல மலைன்னு நெனச்சு நடந்திருக்கீங்க!" கடை பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

பிறகு ஃபோன் கை மாறியது. அவள் முன்னால், நாங்கள் பின்னால். வந்த வழியே திரும்பினோம். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் அவளே ஆள் பார்த்துக் கேட்டாள். உப்புக் குடோன் முன்னால் நின்று, அந்த இரண்டு வரி விவரத்தை கைடு மாதிரி கார்த்திக்கு உரக்க வாசித்துக் காட்டினாள்.

சாயங்காலம் ஹாஸ்டல் வாசல். என் மனதில் பாதி, 'வாரேன்னு சொல்லிரு தாயி' என்றுதான் கிடந்தது. இருந்தாலும் கேட்டேன். "என்னம்மா, பெட்டிய எடுக்கவா?"

"பெட்டி கெடக்கட்டும். இருட்டுறதுக்குள்ள நான் உள்ள போகணும். அதுக்கு முன்னாடி உங்கள பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்திருதேன்."

"எங்கள நீ கொண்டு விடுதியா?"

"பின்ன? உங்கள நம்பி விட்டா மலையத் தேடிக்கிட்டே கன்னியாகுமரி போயிருவீங்க. பாவம், கார்த்தி."

விட்டாள். கண்டக்டரிடம் இரண்டு தடவை விசாரித்துத்தான் எங்களை பஸ் ஏற்றினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள் — சரியான திசையில்.

தைரியமாக இரு, தைரியமாக இரு என்று ஒரு வாரமாக எம்புட்டோ பேசிப் பார்த்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. அப்பாவே வழி தெரியாமல் நடுரோட்டில் நின்றதும் எங்கிருந்தோ வந்துவிட்டது அது! அதனால் பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழி தவறினால் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஃபோனைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள், நான் வேலை பார்க்கிற பேண்டேஜ் பேக்கிங் யூனிட்டில் டீக்கு விட்டிருந்தார்கள். எல்லாரும் கடைக்குப் போன பிறகு என் ஃபோனை எடுத்தேன். வானிலை பார்க்கிற இடத்தில் இத்தனை நாளும் ராஜபாளையம் மட்டும்தான் இருந்தது. அதன் கீழே தூத்துக்குடியையும் சேர்த்தேன்.

அங்கே நல்ல வெயில். கழுதை, குடை எடுத்துக்கொண்டு போகவில்லை.