வியாழக்கிழமை மழை

வானிலை ஆபீஸில் வேலை பார்த்தவனிடம் ஊரார் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இன்னிக்கு மழை வருமா சார்?" மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கினால் கேட்பார்கள். முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் கேட்பார்கள். என் மாமனார் காரியத்தன்று மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் புரோகிதரே கேட்டார். வருமா வராதா என்று சொல்வது என் வேலையே இல்லை, வந்ததை அளந்து எழுதுவதுதான் என் வேலை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. கடைசியில் "வரும்" என்று சொல்லிவிடப் பழகிக்கொண்டேன். பெங்களூரில் ஏதாவது ஒரு தெருவில் அது பலித்துவிடும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த ஊர் மழைக்கு நியாயம் கிடையாது. எட்டாவது கிராஸில் கொட்டோ கொட்டென்று கொட்டும். பதினைந்தாவது கிராஸில் மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருக்கும். நான் சொட்டச் சொட்ட நனைந்து ஆபீஸ் போய் மழைமானியைத் திறந்தால் உள்ளே ஒரு துளி இருக்காது. சட்டையைப் பிழிந்துகொண்டே "இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

இன்னும் எத்தனையோ இருக்கின்றன. கடலையே பார்க்காத ஊர் இது, ஆனால் மெட்ராஸ் பக்கம் கடலில் புயல் சுழன்றால் இங்கே மூன்று நாள் பிசுபிசுவென்று தூறும், துணி காயாது. ராத்திரியில் அதிகம் குளிர்வது நடுநிசியில் அல்ல, பொழுது விடிகிற நேரத்தில். ஆலங்கட்டி மழை மார்கழிக் குளிரில் வராது, நல்ல ஏப்ரல் வெயிலில்தான் வரும். சுட்டுப்போன தரையிலிருந்து கிளம்புகிற காற்று, மழைத்துளியைக் கீழே விழவிடாமல் தூக்கித் தூக்கி மேலே எறியும். ஒவ்வொரு தடவையும் அதன் மேல் ஒரு சுற்று பனிக்கட்டி ஏறும். பெரிய கட்டியாகப் பார்த்து வெட்டினால் உள்ளே வெங்காயம் போல அடுக்குத் தெரியும். இதையெல்லாம் சொன்னால் "அப்படியா சார்" என்று கண்ணை விரிப்பார்கள். அப்புறம், "அது சரி, இன்னிக்கு வருமா?"

இவை எல்லாவற்றையும்விட விசித்திரமான சங்கதி ஒன்று உண்டு. அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நாங்கள் தினமும் காலை எட்டு மணிக்குத்தான் மழையை அளப்போம். அதற்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் விழுந்த தண்ணீர் எல்லாம் அளக்கிற தேதியில் ஏறும். அதாவது, வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பெய்த மழை எங்கள் புத்தகத்தில் வெள்ளிக்கிழமை மழை. அந்த வெள்ளிக்கிழமை பகல் முழுக்க மண்டையைப் பிளக்கும் வெயில் அடித்திருக்கலாம். புத்தகத்தில் அது மழை நாள், வியாழன் வறண்ட நாள். இந்தியா பூராவும் இதே வழக்கம்தான். எங்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. "நேத்து சாயங்காலம் என்ன மழை" என்று என் மனைவி சொன்னால், "அது இன்னைய மழை" என்று என்னை அறியாமல் திருத்துவேன். கல்யாணமான புதிதில் சண்டை போட்டாள். அப்புறம் இந்த மனுஷனோடு இதற்கெல்லாம் மல்லுக்கட்ட முடியாது என்று விட்டுவிட்டாள்.

வெளியார் யாராவது எழுதிக் கேட்டால் மட்டும், பதிலின் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். "மேற்படி அளவு அன்று காலை எட்டு மணியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்கானது." பதினாறு வருஷம் அந்த வரியை எழுதினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவர்கூடக் கேட்டது கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு ஏப்ரல். என்னோடு வேலை பார்த்தவர் டைபாய்டில் படுத்துவிட்டார். அவர் வேலையும் என் தலையில். மழைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, ஆகவே எனக்கும் இல்லை. விடிவதற்கு முன் எழுந்து நடந்து, எட்டு மணிக்கு அளந்து, தந்தி கொடுத்து, பகலெல்லாம் வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி, மறுபடி சாயங்காலம் வெப்பமும் காற்றும் அளந்து, வீட்டுக்குப் போய் விழுவேன். சோற்றில் கை வைத்தபடியே தூங்கியிருக்கிறேன்.

அப்போது கண்டோன்மெண்டிலிருந்து ஒரு துரைசானி கடிதம் எழுதியிருந்தார். இன்ன வியாழக்கிழமை பெங்களூரில் மழை, ஆலங்கட்டி உண்டா என்று தெரிவிக்க வேண்டும். மழைப் புத்தகத்தைப் பிரித்தேன். வியாழக்கிழமைக்கு நேரே "இல்லை" என்றிருந்தது. ஆலங்கட்டியும் எங்கள் காம்பவுண்டில் விழவில்லை. "மழை இல்லை. ஆலங்கட்டி பதிவாகவில்லை" என்று எழுதினேன். அந்த அடி வரியை எழுதவில்லை. கை கடுத்தது, இன்னும் ஒன்பது கடிதம் பாக்கி, யார் படிக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். எங்கள் சூப்பரின்டெண்ட் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கடிதம் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து, காலையில் மழைமானியை மூடிவிட்டு நிமிர்ந்தேன். வேலிக்கு வெளியே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சாமி, மழை எழுதுறவரு நீங்கதானுங்களா?"

"ஆமாம். இன்னிக்கு வருமான்னு மட்டும் கேட்டுடாதே."

"அது இல்லைங்க சாமி. போன மாசக் கடைசி வியாழக்கெழம பெஞ்சிதான்னு கேக்க வந்தேன்."

நேரில் வந்து இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உள்ளே கூட்டிவந்து வேப்ப மரத்தடியில் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அந்தத் துரைசானி பங்களாவில் அவர் பதினெட்டு வருஷமாகத் தோட்டக்காரர். காம்பவுண்டு ஓரத்து அறையில்தான் குடும்பம், இரண்டு பெண்களும் அங்கேதான் பிறந்தார்கள். துரைசானிக்கு ஒரு கண்ணாடி வீடு உண்டு, அதற்குள் சீமைச் செடிகள். துரைசானி வைட்ஃபீல்டில் தோழி வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில்தான் அது நடந்தது.

"நாலு மணி இருக்கும் சாமி. இருட்டிக்கிட்டு வந்துது. படபடன்னு ஆலிகல்லு. கோலிக்குண்டு தண்டி. இந்தக் கையால எத்தினி மூடுறது? கோணிய எடுத்துக்கினு ஓடறதுக்குள்ள மேல்கண்ணாடி பதினொண்ணு போச்சு. பெரணிச் செடி எல்லாம் கந்தல் கந்தலா."

"யாரும் பாக்கலையா?"

"பக்கத்து ரெண்டு பங்களாவும் ஊட்டிக்குப் போயிட்டாங்க. பட்லரு அம்மாகூட வைட்ஃபீல்டுல. எம் பொஞ்சாதிதான் பாத்தா. அவ சொல்லு எடுபடுமா? அம்மா ரெண்டு நாளு கழிச்சி வந்து பாக்கறப்ப தரை பொடியா காஞ்சி கெடக்குது. சாட்சிக்கு ஒரு கல்லு இருக்குமா சாமி, தண்ணியாப் போறது?"

வைட்ஃபீல்டில் அன்று சுள்ளென்று வெயில். துரைசானிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வேலையாளைச் சும்மா சந்தேகிக்கக் கூடாது என்று நியாயமாக எங்களுக்கு எழுதிக் கேட்டார். எங்கள் காகிதம் போய்ச் சேர்ந்தது. அதைத் தோட்டக்காரர் முன்னால் படித்துக் காட்டி, நிஜத்தை ஒத்துக்கொண்டால் மன்னித்துவிடுவதாகவும், பொய்யனை வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னாராம். ஒத்துக்கொள், அம்மா நல்லவர்கள், விட்டுவிடுவார்கள் என்று பட்லர் காதைக் கடித்திருக்கிறான். கவர்ன்மெண்டுக் காகிதத்தோடு யார் வழக்காடுவது? இவர் ஒத்துக்கொண்டார். ஏன் உடைத்தாய் என்று கேட்டதற்கு, சாராயம் குடித்துவிட்டு மண்வெட்டிக் காம்பால் தானே உடைத்ததாகச் சொல்லிவிட்டார். சொன்னால் வீடாவது மிஞ்சும் என்று நினைத்தார்.

"பொய்ய மன்னிப்பேன், குடிய மன்னிக்க மாட்டேன்னுட்டாங்க. ஒரு வாரத்துல ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இப்ப பொம்மனஹள்ளில மச்சான் வூட்டுத் தாழ்வாரத்துல கெடக்கிறோம். நான் குடிக்கறவன் இல்ல சாமி. ஊரே சொல்லும்."

 அந்த மழை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாலு மணிக்கு, வெயில் அடித்த நேரத்தைப் பதிகிற அட்டையை எடுக்க ஓடி, தெப்பலாக நனைந்து, மறுநாள் மூக்குச் சிந்திக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்கு நேரே ஒரு அங்குலத்துக்கு மேல் எழுதியவன் நான்தான். இடி மின்னல் எழுதுகிற குறிப்புப் புத்தகம் வேறு. அதில் வியாழன் மாலை என்றே எழுதியிருந்தேன். கடிதத்துக்குப் பதில் எழுதிய அன்று அதை நான் பிரிக்கவே இல்லை. மழைக்கு மழைப் புத்தகம், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன்.

சூப்பரின்டெண்டிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு புத்தகத்தையும் பார்த்தார்.

"தப்பு எங்கேய்யா இருக்கு? வியாழக்கிழமைக் கட்டத்துல இல்லைன்னு இருக்கு. இல்லைன்னுதானே பதில் எழுதியிருக்கே?"

"அன்னிக்கு மழை பெஞ்சுது சார்."

"பெஞ்சுது. வெள்ளிக்கிழமைல இருக்கு. நம்ம மேல ஒரு தப்பும் இல்லே."

"அந்தக் கடைசி வரி விட்டுப்போச்சு சார்."

"அதை யாருய்யா படிக்கறா?" என்றார் அவர். நான் நினைத்தது அப்படியே அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் நல்ல மனுஷர். நான் உட்கார்ந்து புதிதாக எழுதிக் கொண்டுபோன கடிதத்தில், முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வியாழன் மாலை நாலு முதல் ஐந்துவரை இடியுடன் கனமழை என்றும், முன்பு அனுப்பிய பதிலில் விளக்கம் விட்டுப்போயிற்று என்றும் அதில் இருந்தது. தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தோட்டக்காரர் பின்னாலேயே வந்தார்.  அவரை பங்களா கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

துரைசானி எனக்கு நாற்காலி போடச் சொன்னார். கடிதத்தை இரண்டு தரம் படித்தார். எட்டு மணிக் கணக்கை நான் விளக்க, கவனமாகக் கேட்டார். பிறகு, அப்படியானால் அன்று மழை பெய்தது, நான்தான் அநியாயமாகச் சந்தேகப்பட்டேன் என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அடுத்து அவர் என்னைக் கேட்டார். குடித்துவிட்டு உடைத்ததாக அவனே என் முகத்தைப் பார்த்துச் சொன்னானே, அது ஏன்? ஆலங்கட்டிதான் உடைத்தது என்று கடைசிவரை நின்றிருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு வைத்துக்கொள்வேன். முதலில் சொன்னது பொய் என்று நினைத்தேன். இப்போது இரண்டாவது சொன்னது பொய் என்கிறீர்கள். எப்படியும் அவன் எனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறான்.

எங்கள் காகிதத்துக்குப் பயந்து சொன்னான் அம்மா என்றேன். காகிதத்துக்குப் பயந்து எதையும் சொல்கிறவனிடம் வீட்டை விட்டுவிட்டு நான் எப்படி வெளியே போவேன் என்றார். கோபமே இல்லை அவர் குரலில். அந்த அறைக்கு வேறு ஆள் குடிவந்து நாலு நாள் ஆகிறது என்றும் சொன்னார். ஜன்னல் வழியே பார்த்தேன். கண்ணாடி வீட்டில் புதுக் கண்ணாடிகள் பளபளவென்றிருந்தன. ஓரத்து அறை வாசலில் யாரோ ஒரு பெண்பிள்ளையின் பாவாடை கொடியில் காய்ந்தது.

தோட்டக்காரரிடம் என்ன சொல்வது என்று வெளிவாசல்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.  என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

"வேலை இல்லைங்களா சாமி?"

"வேற ஆள் வந்துட்டாராம்."

தலையை ஆட்டினார். தலைப்பாகையைக் கட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, "மழ பெஞ்சிதுன்னு ஒத்துக்கினாங்களா?" என்று கேட்டார்.

"ஒத்துக்கிட்டாங்க."

"நெசமாவா?"

"நிஜமாத்தான். நானே அன்னிக்கு நனைஞ்சேன்."

அவர் அப்படியே கேட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "பேப்பர்ல இல்லேன்னு படிச்சதும் எனக்கே சந்தேகம் வந்திருச்சு சாமி. புத்தி கெட்டுப்போயி நாந்தான் ஒடைச்சிட்டு மறந்துட்டேனோன்னு. ராத்திரியெல்லாம் எம் பொஞ்சாதிய எழுப்பி எழுப்பிக் கேட்டேன், மழ பெஞ்சிதாடி, மழ பெஞ்சிதாடின்னு. அவ அழுதா. பைத்தியம் புடிச்சிருச்சின்னு நெனச்சிட்டா. இனிமே படுத்தாத் தூக்கம் வரும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உங்க ஆபீசுல எவரோ தப்பா எழுதிட்டாங்க. எனக்காவ இம்மாந்தூரம் வெயில்ல நடந்து வந்தீங்களே. உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும் சாமி."

குனிந்து என் காலைத் தொட வந்தார். நான் பின்வாங்கி, "பரவாயில்லை, போயிட்டு வா" என்றேன். எழுதியது யார் என்று நான் சொல்லவில்லை.