வாசலில் சொல்ல நான் பழக்கிய ஒரே வாக்கியம்

போன கார்த்திகையில், மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, என் மனைவி பதினான்கு நாளுக்குள் இந்தியாவை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. இராஜபாளையத்து வீட்டில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த உத்தரவுக்கு நானே காரணம். ஸ்ரீவில்லிபுத்தூர் சபையாராகிய உங்களுக்கு அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் ஸ்பின்னிங் மாஸ்டர். கடைசிப் பதினோரு வருஷம் இந்தோனேசியாவில் ஒரு நூல் மில்லில் வேலை. முதல் மனைவி இறந்து ஆறு வருஷம் கழித்து ரோஸ்லினாவைக் கட்டிக்கொண்டேன். அதே மில்லில் நூலைப் பரிசோதிக்கிற லேபுக்கு அவள்தான் பொறுப்பு. பதினெட்டுப் பேரை வேலை வாங்கியவள். அங்கே சபையில் மோதிரம் மாற்றி, அரசாங்கப் பதிவும் செய்தோம். எனக்கு அறுபத்திரண்டு, அவளுக்கு ஐம்பத்தொன்று.

ரிட்டயர் ஆகி ஊருக்குத் திரும்பும்போது பயம் பிடித்துக்கொண்டது. சபைக் கமிட்டியில் இருந்த மனுஷன் இந்த வயதில் இப்படியா என்பார்களே. மகனிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை. மனைவிக்கான விசா போட்டால் ஊரில் விசாரிப்பார்கள் என்று சுற்றுலா விசாவில் கூட்டி வந்தேன். கேட்டவர்களிடமெல்லாம், சமையலுக்கு வந்தவள் என்றேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பேச்செல்லாம் அவள் பாஷையில்தான். வாசலில் யாராவது வந்தால் சொல்ல ஒரே ஒரு தமிழ் வாக்கியம் பழக்கினேன்: "நான் சமையலுக்கு வந்திருக்கேன்." வணக்கம், உள்ளே வாருங்கள் என்று அர்த்தம் என்றேன். பால்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் அக்காவிடம் கைகூப்பிச் சொன்னாள். "நல்ல பொம்பளையாத்தான் தெரியுறா. சம்பளம் எம்புட்டு குடுக்க, தம்பி?" என்று அவளை வைத்துக்கொண்டே அக்கா கேட்டாள். நான் ஒரு தொகையைச் சொன்னேன். ஆமாம், வாய் கூசாமல் சொன்னேன்.

இராஜபாளையத்துச் சபையில், மாதத்தின் முதல் ஞாயிறு அன்று, அந்த மாதம் கல்யாண நாள் வருகிறவர்கள் ஜோடியாக முன்னால் போய் நிற்பார்கள். போதகர் பேர் சொல்லி ஜெபிப்பார். எங்கள் கல்யாண மாதம் வந்தபோது நான் ஆண்கள் பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தாள்.

விசா முடியும் நாள் நெருங்கிற்று. இந்தியரின் மனைவி என்றால் இங்கிருந்தே விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்று விதியில் இருந்தது. பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது, விண்ணப்பம் போட்டேன். ஆனால் போலீஸ் வீட்டுக்கு வந்து, தம்பதியாய் வாழ்கிறோமா என்று பார்க்கும். நான் பேங்குக்குப் போயிருந்த நேரம் பெண் எஸ்.ஐ. வந்துவிட்டார். "யாரும்மா நீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவள் சிரித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டாரும் எதிர் வீட்டாரும் அதையே சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைச் சொன்னார்கள்.

உத்தரவு வந்ததும் நான் செய்த முதல் காரியம் அவள் மேல் எரிந்து விழுந்தது. போலீஸிடம் போய் எதற்கு அதைச் சொன்னாய் என்று கத்தினேன். "உள்ளே வாருங்கள் என்றதில் என்ன தப்பு?" என்றாள். அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அழவில்லை. அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு உன் அக்கா என்ன கேட்டார்கள் என்றாள். அதையும் சொன்னேன். பிறகு மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

முழங்காலில் விழுந்தேன். அவளை என்னிடமிருந்து எடுக்காதேயும், என் மானத்தையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று இரண்டையும் சேர்த்தே கேட்டேன், வெட்கங்கெட்டவன். நாலாம் நாள் மானம் என்கிற வார்த்தை வாயில் வரவில்லை. அவளை மட்டும் கேட்டு அழுதேன். கர்த்தர் எனக்குப் பதில் கொடுத்தது அந்த இடத்தில்தான்.

மறுநாள் முதல் ஞாயிறு. ஜோடிகளைக் கூப்பிட்டபோது, எங்கள் மாதம் இல்லாவிட்டாலும் எழுந்தேன். பெண்கள் பக்கம் போய், அவள் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தேன். "இவ என் பொஞ்சாதி. சமையக்காரின்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்," என்றேன். யாரோ சிரித்தார்கள். "கெழட்டு வயசுல இது ஒரு கேடு," என்று அக்கா எழுந்து போய்விட்டாள். ஊருக்குத் திரும்பியதும் மறுபடி சேர்த்திருந்த கமிட்டியிலிருந்து என்னை எடுத்தார்கள். மகன் இன்றுவரை போனை எடுப்பதில்லை. போதகர் மட்டும் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கி, மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு எழுதித் தந்தார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் அதே எஸ்.ஐ. வந்தார். தெருவே வாசலில் நின்றது. "இப்ப சொல்லுங்கம்மா, நீங்க யாரு?"

ரோஸ்லினா என்னைப் பார்த்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. பழைய வாக்கியத்தை ஒரு தடவை சொன்னால் போதும், அவள் விமானம் ஏறிவிடலாம். செத்த நேரம் என்னை நிற்க வைத்தாள். பிறகு, அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக் கற்ற தமிழில், "அவங்ககிட்ட கேளுங்க," என்றாள்.

"என் பொஞ்சாதி," என்றேன்.

"சத்தமா சொல்லுங்க சார். எழுதணும்."

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

உத்தரவை ரத்து செய்து ஒரு வருஷத்துக்கு விசா கொடுத்தார்கள். கர்த்தருக்குக் கோடி நன்றி. உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மடவார் வளாகம் பக்கம் வாடகைக்கு வந்துவிட்டோம். இங்கே யாராவது கதவைத் தட்டினால் நான்தான் எழுந்து போய், யார் வீடு, உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்கிறேன். பிரியமானவர்களே, நம்பிக் கேளுங்கள். அவர் நிச்சயம் கொடுப்பார். ஆனால் நீங்கள் ஒளித்து வைத்திருப்பதை முதலில் தெருவுக்குக் கொண்டுவருவார். அதற்கும் துணிந்து கேளுங்கள்.

அனுப்புவதற்கு முன் இதை அவள் பாஷையில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று முடித்திருந்தேன்.

"நான் அப்படிச் சொன்னேனா?" என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.