மாமனார் ஏறினால் நிரம்பும் டேங்க்

கார் மின்வேலை என்பது, பொய் சொல்லும் முள்ளை உண்மை பேசவைக்கும் தொழில். பாகூரில் கடை வைத்திருக்கும் எனக்கும், பழைய காரோடு அல்லாடும் உங்களுக்கும் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளைப்போல் நெஞ்சைப் பதறவைக்கும் பகைவன் வேறில்லை. அப்படியொரு முள்ளை நான் வென்ற கதையைக் கேளுங்கள்.

நடுவழியில் நின்ற வண்டி

பூரணாங்குப்பத்துக் கஸ்தூரி, தம் மாமனாரை டயாலிசிஸுக்காகப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குத் தாமே காரோட்டி அழைத்துச் செல்பவர். ஒருநாள், முள் முழு டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே கிருமாம்பாக்கம் அருகே வண்டி நின்றுவிட்டது. டேங்கில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆட்டோ பிடித்துப் பெரியவரை நேரத்துக்குக் கொண்டுசேர்த்துவிட்டார். ஆனாலும் பழி நின்றது.

வண்டி என் கடைக்கு வந்தபோது அவருடைய மூத்தாரும், அதாவது கணவரின் அண்ணனும், உடன் வந்தார். காரைப் பார்க்கவில்லை, கஸ்தூரியைத்தான் பார்த்தார். "பெட்ரோல் போட மறந்துட்டு முள்ளு மேல பழி போடுது. முள்ளு ரிப்பேர்னு நீ காட்டுப்பா, நம்புறேன். இல்லன்னா சாவி எங்கிட்ட வந்துடும்!"

நல்லவனாக நடித்த முள்

வண்டியைத் தூக்கி, அடிப்பக்கமாக டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றினேன். முள் காலிக்கு விழுந்தது. ஒயரை வண்டியின் இரும்பில் தொடவைத்தேன். முழு டேங்குக்கு ஏறியது. டேங்குக்குள் மிதக்கும் கட்டையைக் கையால் உயர்த்தித் தாழ்த்தினேன். முள்ளும் பணிவோடு உயர்ந்து தாழ்ந்தது. குற்றம் எங்குமில்லை. பாதி டேங்க் பெட்ரோல் ஊற்றினோம்; பாதி என்றே காட்டியது.

அன்பர்களே, ஓர் அரசனிடம் களஞ்சியக் காவலன் ஒருவன் இருந்தானாம். தனியே கேட்டால் உள்ளதைச் சொல்வான். அரசன் அருகில் வந்து அமர்ந்தாலோ, "களஞ்சியம் நிறைந்திருக்கிறது" என்பான். அத்தகைய முகத்துதிக்காரனிடம்தான் நான் அகப்பட்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த பயணத்திலேயே முள் மறுபடி முழு டேங்க் காட்ட, கஸ்தூரி போனில் அழைத்தார். "இன்னாண்ணா, உங்க கடையில மட்டும் நல்ல புள்ளயா இருக்குது!"

கைராசி

மறுமுறை அவர்கள் புறப்படும் வேளையில் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கஸ்தூரி சாவியைத் திருகினார். முள் பாதியில் நின்றது. மாமனாரைக் கைத்தாங்கலாகப் பின் இருக்கையில் அமர்த்தினார். என் கண்ணெதிரே முள் துள்ளி எழுந்து முழு டேங்கைத் தொட்டது.

நான் குனிந்து முள்ளை மறுபடி பார்த்தேன். வீட்டாருக்கோ அது வியப்பே இல்லை. நெடுநாளாக அதை வேடிக்கையாகப் பேசி வந்திருக்கிறார்கள். கண்ணால் கண்டதை ஆராயாமல் ராசி என்று பெயரிட்டு மகிழ்ந்துவிட்டால், அறிவு அங்கேயே உறங்கிவிடும். இதை நீங்கள் மறக்கலாகாது. பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். "இப்பத்தான் பாக்குறியா? நான் ஏறுனா டேங்க் தானா ரொம்பும்பா. என் கைராசி அப்பிடி!"

பலகை

அவரை இறங்கச் சொன்னேன். முள் பாதிக்கு இறங்கியது. ஏறச் சொன்னேன், முழுமைக்கு ஏறியது. மூத்தாரை அழைத்துப் பார்க்கச் சொல்லி, அவர் கண்முன்னே பின் இருக்கையைத் தூக்கினேன். மெத்தைக்கு அடியில் ஒரு மரப்பலகை கிடந்தது. பெரியவர் அமரும்போதெல்லாம் அது கீழே இருந்த டேங்க் ஒயரை, டேங்குக்கு மேலுள்ள இரும்பு மூடியோடு அழுத்தியிருக்கிறது. ஒயரின் மேல்தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது. செம்பு இரும்பைத் தொட்டால் முள் ஏறத்தானே செய்யும்! வெற்றிப் பெருமிதத்தோடு நிமிர்ந்து, பலகையை வைத்தவர் யார் என்று கேட்டேன்.

மூத்தார் தலையைச் சொறிந்தார். "அப்பா குழியில உக்கார்ற மாதிரி கீதுன்னாரு. நாந்தான் வெச்சேன்."

அன்பு நல்லதுதான், ஆயினும் அதன் அடியில் நசுங்குவது என்னவென்று குனிந்து பார்ப்பதும் கடமை. ஒயருக்குப் புதுத்தோல் சுற்றி, வேறு வழியாக ஓடவிட்டேன். பெரியவர் மீண்டும் ஏறி அமர்ந்தார். முள் பாதியை விட்டு அசையவில்லை. கஸ்தூரி மூத்தாரைப் பார்த்தார். மருமகளுக்காகப் பெரியவர்தான் பேசினார். "டேய், சாவி அதுங்கிட்டயே இருக்கட்டும். நீ பலகைய எடுத்துக்கினு வூட்டுக்குள்ள போடா!"

ஆகவே அன்பர்களே, முள்ளையோ ஓட்டுபவரையோ பழிக்கும் முன் ஒருமுறை எழுந்து நின்று பாருங்கள். நாம் தேடும் குற்றம் பெரும்பாலும் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அடியில்தான் இருக்கிறது.