இடுக்கில பத்தின பலகை

வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கிற பலகைகளுக்கு நெருப்பு வைச்சுப் பார்க்கிறதுதான் என்ர வேலையாய் இருந்தது. காட்டுத்தீ, புல்லுத்தீ வந்தால் காற்றில பறந்து வாற தணலுக்கு எது கெதியாய்ப் பத்தும் எண்டு லண்டனில ஒரு லாபில இருந்து அறிக்கை எழுதினனான். இப்பிடியான லாபில மாரடிக்கிற ஆக்களே, உங்களுக்குத் தெரியாததே? பலகையை விட அதை விக்கிறவன்தான் கெதியாய்ப் பத்துவான்.

குளிச்சிட்டு வந்த பலகை

நல்ல வெயில் நாளில ஒரு கொம்பனிக்காரன் பலகை கொண்டந்தான். தொட்டுப் பார்த்தால் ஒரே ஈரம். "முதல்ல சூட்டறையில காயட்டும், பிறகுதான் நெருப்பு" எண்டன். லண்டனில எப்பவும் மழைதானே எண்டு வாதாடினான். புல்லுப் பத்திற நாளில எங்கையடா மழை? எனக்கு விசர் வந்திட்டுது. அவன் சிரிச்சுக்கொண்டு கேட்டான்: "ஈரமாய்ச் சோதிச்சது நெருப்புக்குத் தெரியவா போகுது?"

நடுவில மட்டும்

சூட்டறையில காய்ஞ்ச அந்தப் பலகையில ரெண்டைப் பக்கத்தில பக்கத்தில அடிச்சு, இடுக்கில தணல் போட்டம். உடன பிடிச்சிட்டுது. "தோல்வி" எண்டு எழுதினன்.

எங்கட மனேஜர் மதுரைக்காரர். வந்து பார்த்திட்டு, ஒரு பலகையை மட்டும் வைச்சு நடுவில தணல் போடச் சொன்னார். நடுவில பிடிக்கேல்லை. ஒற்றைப் பலகையிலயே ஆரும் சுவர் அடிக்கினம்? லாப் அதிரக் கத்தினன். கத்திப்போட்டு, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், "தேறியது" எண்ட அறிக்கையில கையெழுத்தும் வைச்சன். மனேஜர் தோளில தட்டினார்: "பொய் ஒண்ணும் எழுதலையே தம்பி, சோதிச்சதைத்தானே எழுதினோம்."

ஃபாரஸ்ட் கேட்டில ஒரு ஞாயிறு

வசந்தி அக்கா என்ர மனிசிக்கு ஒண்டுவிட்ட தமக்கை. கிழக்கு லண்டனில ஃபாரஸ்ட் கேட் பக்கம் இருக்கிறா, வீட்டுக்குப் பின்னால பெரிய புல்வெளி. அந்த வெயிலுக்குப் புல்லு முழுக்க வைக்கோலாய்க் கிடந்தது. தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில பின்சுவரைப் பார்த்தன். அதே பலகை, வரிசை வரிசையாய், அத்தனை இடுக்கோடயும்.

கொம்பனிக்காரனிலயும் கோபம், மனேஜரிலயும் கோபம், எல்லாத்துக்கும் மேல என்னிலதான் கோபம். "அக்கா, உந்தப் பலகையை உடன கழட்டவேணும்" எண்டு நடந்தது முழுக்கச் சொன்னன். அவ ஏசுவா எண்டு பார்த்தன், ஏசேல்லை. மெதுவாய்ச் சொன்னா: "அறிக்கையில உங்கட பேரைப் பார்த்துத்தானே தம்பி, பிள்ளையள் படுக்கிற அறைச் சுவருக்கு அடிச்சனான்."

திங்கட்கிழமை இடுக்குச் சோதனையின்ர உண்மை அறிக்கையைக் கட்டடங்களைப் பார்க்கிற கவுன்சிலுக்கு அனுப்பினன். லாபால என்னை நிப்பாட்டிப்போட்டினம். இப்ப எனக்கு நெருப்பு வைக்கிற வேலை இல்லை, அக்கா வீட்டில பலகை கழட்டிற வேலைதான் இருக்கு.