நாலு விரற்கடை நூல்

எங்கள் ஆறாம் வகுப்பில் என்னையும் சேர்த்துக் குண்டுப் பெண்கள் மூன்று பேர். மூன்று பேருடைய அத்தாவும் சவுதியில். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்து வரும் பால் பவுடர் டின்தான் காரணம். அதைக் கரைத்துக் குடிக்கும் பொறுமை எங்களுக்குக் கிடையாது. நோட்டுத் தாளில் பொட்டலம் மடித்துக் கொண்டுபோய், பெஞ்சுக்கு அடியில் விரலால் தொட்டு நக்குவோம். அண்ணத்தில் ஒட்டியதை நாக்கால் வழித்தெடுப்பதற்குள் கணக்குப் பாடம் முடிந்துவிடும். அதற்குமேல் மதியம் சோறு, சாயங்காலம் சமோசா.

எனக்குக் கவுன் வாங்க அத்தாவுக்கு அளவு நூல் போகும். அம்மா என் இடுப்பில் வெள்ளை நூலைச் சுற்றி வெட்டி, கடிதத்தோடு மடித்து, லீவு முடிந்து சவுதிக்குத் திரும்புகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். அந்தத் தடவை சுற்றும்போதே அலுத்துக்கொண்டாள்.

"நூல்கண்டே தீந்துடும் போலருக்கே! இதப் பாத்தா ஒங்க அத்தா இனிமே டின்னே அனுப்ப மாட்டாங்க."

பள்ளியில் யார் குண்டு என்றாலும் பொறுத்துக்கொள்வேன். அத்தாவுக்குத் தெரியக் கூடாது. டின்னும் நிற்கக் கூடாது. அம்மா பசை தேடிப் போன நேரத்தில் நூலில் நாலு விரற்கடை கத்தரித்துவிட்டேன். பயத்தில் கொஞ்சம் தாராளமாகவே வெட்டிவிட்டேன் போலிருக்கிறது.

கவுன் வந்தது. இடுப்பில் ஏறவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள் அம்மா. ஆனால் எப்போதும் வரும் ஒரு டின்னுக்குப் பதில் மூன்று டின் வந்திருந்தன. முந்தைய நூலைவிட இது குட்டையாக இருக்கிறதே, பிள்ளைக்கு என்ன சீக்கு, மறைக்காமல் எழுது என்று கடிதம். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அம்மா எழுதியதை அத்தா நம்பவில்லை. ஊருக்கு வருகிறவர் கையிலெல்லாம் டின் கொடுத்தனுப்பினார். நாங்கள் மூன்று பேரும் அவற்றைச் சளைக்காமல் தீர்த்தோம்.

மறு வருஷம் அத்தா லீவில் வந்தார். காரிலிருந்து இறங்கியவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு பர்ஸிலிருந்து அந்த நூலை எடுத்து என் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். முக்கால் தூரம்கூட எட்டவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார், கண் கலங்கியிருந்தது. மாட்டிக்கொண்டேன் என்று நான் அழுதேன். ஆனால் யாரும் திட்டவில்லை.

அப்புறம்தான் அத்தாவைச் சரியாகப் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"எப்புடி அத்தா இப்புடி எளச்சீங்க?"

"அங்க வெயிலு அதிகம்மா" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டுத்தான் அத்தனை டின்களையும் வாங்கினார் என்று என் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா சொன்னாள். அன்றைக்கு நான் அந்தப் பதிலை அப்படியே நம்பினேன். மறுநாளே தோழிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். ஒரு வாரம் உச்சி வெயிலில் நின்றோம், கையில் பால் பவுடர் பொட்டலத்தோடு. கருத்ததுதான் மிச்சம். அத்தாவுக்கு மட்டும் வெயில் எப்படிப் பலித்தது என்று மூன்று பேருக்கும் விளங்கவில்லை.