அண்ணி போட்ட பூட்டு

என் அண்ணிக்குப் பூட்டுத் திறப்பதுதான் தொழில். சாவியைத் தொலைத்தவர்களும், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் அவளைக் கூப்பிடுவார்கள். மாதத்தில் ஏழெட்டு நாள் அபராத வசூல் அலுவலகமும் கூப்பிடும். அபராதம் கட்டாதவருக்கு முதலில் கடிதம் போகும். அப்புறம் தொகை இரட்டிப்பாகும். அடுத்து வங்கிக் கணக்கில் கை வைப்பார்கள். அதிலும் தேறாவிட்டால் வீட்டுச் சாமானை ஜப்தி செய்ய வருவார்கள். வீடு பூட்டியிருந்தால் அண்ணிக்குப் போன் வரும்.

புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து நான் அவளோடு வேனில் போகிறேன். கருவிப் பெட்டி தூக்குவது, டார்ச் பிடிப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது, இவ்வளவுதான் என் வேலை. மூன்றாவது மட்டும் எனக்கு வராது.

அண்ணி எந்தக் கதவையும் உடைத்ததில்லை. யாருமே இல்லை என்று தெரிந்தாலும் மூன்று முறை தட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்ட பிறகுதான் பூட்டைத் தொடுவாள். வசூல் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு வீட்டுக்குப் போன அன்றுதான் வினை பிடித்தது. "இங்கேயே நிறுத்துங்கம்மா, பெட்டி கனமா இருக்குமே" என்றார் அதிகாரி. நிறுத்தினோம். வேலை முடித்துத் திரும்பினால் வேன் கண்ணாடியில் அபராதச் சீட்டு. தடை செய்த இடமாம்.

"சார், நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

"அது போக்குவரத்துக்காரங்க போட்டதும்மா. நாங்க வசூல் மட்டும்தான். சின்னத் தொகைதானே, கட்டிட்டுப் போங்க."

அண்ணி கட்டவில்லை. அன்று அலுவலக வேலைக்குத்தான் வந்தேன் என்று வசூல் அலுவலகத்துக்கு எழுதிப்போட்டாள். அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சி என்றால் வேலை முடிந்ததும் அதிகாரி கையெழுத்துப் போட்டு வாங்கிப்போகும் வேலைச் சீட்டு. அந்தச் சீட்டு அவர்கள் அலுவலகத்திலேயேதான் இருக்கிறது, வெளியாருக்குக் காட்ட மாட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அலுவலக ஜன்னலிலேயே கத்தியிருப்பேன். அண்ணிதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

தொகை இரட்டிப்பானது. அவள் வங்கிக் கணக்கையும் துழாவிப் பார்த்தார்கள். அதில் கிடந்தது டீச் செலவுக்குக்கூடக் காணாது. என் அண்ணன், பேருந்து ஓட்டுகிறவன், தினமும் ஒரே பல்லவி.

"கட்டித் தொலைச்சா என்ன? ஜப்திக்கு வந்தா உன் மெஷினத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"கட்டினா நான் தப்புப் பண்ணேன்னு ஆயிடும். பண்ணல. கட்டமாட்டேன்."

மெஷின் என்று அவன் சொன்னது சாவி வெட்டும் இயந்திரத்தை. ஐந்து வருடச் சேமிப்பில் வாங்கியது. அது போனால் எங்கள் இரண்டு பேருக்கும் பிழைப்பு இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

எட்டாவது மாதம், ஒரு காலையில் நாங்கள் வேறொரு வேலைக்குப் போயிருந்தபோது அலுவலக எழுத்தரிடமிருந்து போன். ஒரு வீடு பூட்டியிருக்கிறது, ஜப்தி, உடனே வரவேண்டும் என்று விலாசம் சொன்னார். அண்ணி, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னார். எங்கள் வீட்டு விலாசம். அவர்கள் நோட்டில் அவள் "பூட்டுக்காரம்மா", பக்கத்தில் ஒரு நம்பர், அவ்வளவுதான். பெயர்கூட எழுதி வைக்கவில்லை.

"வரேன்" என்று போனை வைத்தாள்.

எங்கள் வாசலில் அதே அதிகாரி, கூட இரண்டு ஆட்கள். எங்கள் தெருவிலும் வண்டி நிறுத்தத் தடைதான். எப்போதும் மைதானத்தில் விட்டுவிட்டு நடந்து வருவோம். அதிகாரி கையை ஆட்டினார். "இங்கேயே நிறுத்துங்கம்மா, பெட்டி கனமா இருக்குமே!"

அண்ணி நிறுத்தினாள்.

"பூட்டு ரொம்பக் கெட்டிம்மா."

"இருக்கும் சார். நான் போட்டது." ஜப்தி ஆணையை வாங்கி, அதிலிருந்த பெயரைச் சத்தமாக வாசித்தாள். "இது நான்தான்."

அதிகாரி அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து எங்கள் வேன் நம்பரைக் குறிக்க ஆரம்பித்தார்.

"யோவ், நிறுத்துய்யா!" அதிகாரி பாய்ந்தார். "அது எங்க வேலைக்கு வந்த வண்டி!"

"இதத்தான் எட்டு மாசமா சொல்லிட்டிருக்கோம்!" நான்தான் கத்தினேன். சொன்னேனே, மூன்றாவது வேலை எனக்கு வராது.

அண்ணி அன்றைய வேலைக்கான புதுச் சீட்டை நீட்டினாள். "இப்பச் சொன்னத எழுதுங்க சார். அன்னைக்கு நிறுத்தச் சொன்னதும் நீங்கதான்னு சேர்த்து எழுதுங்க."

"அதுக்கெல்லாம் எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"சரி. அவரு இன்னிக்கும் அபராதம் போடட்டும். நான் கதவத் திறக்கறேன், மெஷினத் தூக்கிட்டுப் போங்க. நாளைக்கு இன்னொரு வீடு பூட்டியிருந்தா யாரக் கூப்பிடுவீங்க?"

காவலர் பேனாவைத் திறந்தபடி நின்றார். அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினார். ஆணையின் மேல் "நிறுத்தி வைக்கப்பட்டது, மறுவிசாரணைக்கு" என்று கையெழுத்தும் போட்டார். அண்ணி மறக்காமல் இரண்டையும் என் போனில் படம் எடுக்கச் சொன்னாள். அவர்கள் கிளம்பினார்கள்.

"சார், வந்த கூலி?"

"கதவே திறக்கலியேம்மா!"

அண்ணி திரும்பி எங்கள் கதவை மூன்று முறை தட்டினாள். "யாராவது இருக்கீங்களா?" கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியால் திறந்தாள்.

"திறந்தாச்சு. கூலிச் சீட்டுலயும் ஒரு கையெழுத்து."

போட்டுத்தான் போனார்.

ஐந்து வாரம் கழித்து, அபராதம் ரத்து என்று கடிதம் வந்தது. வருத்தம் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை. அண்ணி அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷினின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த சாவியை வெட்ட உட்கார்ந்தாள்.