இடக்கைக்கு ஒரு கிடார்

அம்மா வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வார்னிஷ் வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். பெங்களூர் பீன்யாவில் மோட்டார்களுக்கும் ரிலேக்களுக்கும் கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில், 'வைண்டிங் செக்‌ஷன்' என்று அழைக்கப்பட்ட நீண்ட கூடத்தில், தலைமுடி போன்ற செம்புக் கம்பியை நாள் முழுக்க விரலிடுக்கில் ஓடவிட்டுச் சுற்றுவது அவள் வேலை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்த வாசம் புடவையை விட்டுப் போகாது. விரல் நுனிகளில் கம்பி அறுத்த மெல்லிய கோடுகள் எப்போதும் இருக்கும். அந்த விரல்களால்தான் என்னை அடிப்பாள்.

காரணம், நான் பிறவி இடக்கைக்காரி. ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக எட்டு வீடுகளும் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்த எங்கள் 'வட்டாரத்தில்' தமிழ்ப் பிள்ளைகள் என்னைப் "பீச்சாங்கை" என்பார்கள், கன்னடப் பிள்ளைகள் "எடச்சி" என்பார்கள். இரண்டு பாஷையிலும் கேலி ஒன்றுதான் என்பதால் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க நான் பழகிவிட்டேன். அம்மாவுக்கு அது கேலி இல்லை, பயம். "சோத்தாங்கைன்னு சும்மாவா பேரு வெச்சாங்க?" என்பாள். "தீர்ப்பு நாள்ல இடப்பக்கம் நிக்கிறவங்க யாருன்னு தெரியுமில்ல?" என்பாள். சாப்பிட உட்காரும்போது பழைய துப்பட்டா ஒன்றால் என் இடது மணிக்கட்டை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். எழுதும்போது பென்சில் கை மாறினால் கரண்டிக் காம்பு விரல் முட்டியில் விழும். இப்படியாக ஏழாம் வகுப்பு வருவதற்குள் சாப்பாடும் எழுத்தும் வலக்கைக்கு வந்துவிட்டன. ஆனால் எழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும், அதற்கு டீச்சர் அடிப்பார். ஒரு கைக்கு வீட்டில் அடி, மறு கைக்குப் பள்ளியில் அடி என்று என் இரண்டு கைகளையும் உலகம் பாரபட்சம் இல்லாமல் நடத்தியது.

அப்பாவும் அம்மாவும் கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பிறந்தவர்கள். சுரங்கத்தை நம்பி இனிப் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் பெங்களூருக்கு வந்து, ஆளுக்கொரு தொழிற்சாலையில் சேர்ந்துகொண்டார்கள். அப்பா டூல்ரூமில் அச்சு செய்கிற ஃபிட்டர். முடியளவு தப்பினாலும் தூக்கம் வராத மனிதர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அளவெடுத்த மாதிரி இருக்கும்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது எங்கள் சபையின் இசைக்குழுவில் கிடார் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிடார், எல்லோருக்கும் பொது. வலக்கையால் தந்திகளை மீட்டி, இடக்கையால் கிடாரின் கழுத்தில் அழுத்த வேண்டும். விரல் வைக்கும் இடமெல்லாம் எனக்கு ஒரே வாரத்தில் மனப்பாடம். ஆனால் தாளம் என் இடக்கையில் இருந்தது, அதை வலக்கைக்கு மாற்ற என்னால் முடியவில்லை. சாப்பாட்டை மாற்றிக்கொண்ட கை, எழுத்தை மாற்றிக்கொண்ட கை, இதை மட்டும் மாற்றிக்கொள்ள மறுத்தது. எட்டு மாதம் முயன்றேன். குழுவை நடத்திய அண்ணன் நல்லவர்தான். "எல்லாரும் இப்படித்தானே வாசிக்கிறாங்க, உனக்கு மட்டும் இன்னா?" என்று ஒரு நாள் சலித்துப்போய்க் கேட்டுவிட்டு, "நீ பாடேன், கிறிஸ்மஸுக்கு உன்னைக் கோரஸ்ல போட்டுடறேன்" என்றார். வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

அப்பா கடைகளில் விசாரித்தார். இடக்கைக் கிடார் என்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே, "கையை மாத்த முடியலன்னா மெஷினை மாத்தணும்" என்றார். அம்மாவும் நானும் புரியாமல் பார்த்தோம். "நானே செய்யறேன். எலெக்ட்ரிக் கிடார். அது வெறும் பலகைதான், உள்ள குடைய வேணாம்."

அம்மாவின் முகம் மாறியது. "அப்போ இத்தனை வருஷம் நான் அடிச்சது தப்புன்னு சொல்றீங்களா?"

"அதை நான் சொல்லல. கிடார் செய்யறேன்னு சொன்னேன்."

எனக்குக் கிடார் வேண்டும்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. இந்தக் கை வேலை செய்வதை அம்மா ஒரே ஒரு தடவை முகம் சுளிக்காமல் பார்க்க வேண்டும். அவள் அன்று எழுந்து உள்ளே போன விதத்தைப் பார்த்தபோது அது நடக்காது என்றுதான் தோன்றியது.

அப்பா மரக்கடையில் ஒரு சில்வர் ஓக் பலகை வாங்கி வந்தார். ஒரு பக்கக் கொம்பு நீண்டிருந்த சபைக் கிடாரைச் செய்தித்தாளின் மேல் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, தாளை வெட்டி எடுத்து, இடக்கைக்கு ஏற்றபடி புரட்டிப்போட்டு முன்பக்கத்தில் அடையாளம் வைத்தார். அதுவரை சரி. ஆனால் அச்சு செய்கிறவர்களுக்கு எல்லாமே தலைகீழ். பொருளில் மேடாக வரவேண்டியதை அச்சில் பள்ளமாக வெட்டுவார்கள், வலமாக வரவேண்டியதை இடமாக வைப்பார்கள். தாளைப் பலகையில் ஒட்டும்போது இருபது வருடப் பழக்கம் அவரை அறியாமலே அதை இன்னொரு முறை புரட்டிவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, வளைவுகளை அரத்தால் ராவி, திருப்தியோடு சுவரில் சாய்த்து வைத்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்திலிருந்து ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது சோத்தாங்கைக்காரங்களுக்குத்தான் ஆவும்" என்றாள். மறுபடி அரிசியைப் புடைத்தாள்.

அப்பா அதை எடுத்து என் மடியில் வைத்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. மைக்ரோமீட்டர் வைத்திருந்தவருக்குத் தெரியாதது, முறம் வைத்திருந்தவளுக்கு எப்படி ஒரே பார்வையில் தெரிந்தது என்று அப்போது எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பலகை வெகுகாலம் எங்கள் வீட்டில் கிடார் வடிவத்திலேயே காய்கறி நறுக்கப் பயன்பட்டது.

இரண்டாவது பலகையில் தப்பு நேரவில்லை. கழுத்துக்கு ஒரு பழைய கதவு நிலையிலிருந்து எடுத்த தேக்கு. தந்திகள் இழுத்து வளைத்துவிடாமல் இருக்க அதற்குள் ஒரு எஃகுக் கம்பி. தந்திகளைத் தாங்க, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிய பித்தளைத் துண்டில் அப்பா கடைந்த பாலம். பிறகு உப்புத்தாள். முரடான தாளில் தொடங்கி மெல்லிய தாள்வரை, மரம் கன்னம்போல் ஆகும்வரை தேய்த்தோம். வட்டாரம் முழுவதையும் மரத்தூளால் நாங்கள்தான் தும்மவைத்தோம். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய பொட்டலத்தால் அப்பா பாலீஷ் பூசினார். பெங்களூர் மழை விட்டால்தானே! ஈரக்காற்றில் மூன்றாவது பூச்சு பால் ஊற்றியது போல வெளுத்துப்போனது. துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. வெயில் வந்த நாட்களில் மட்டும் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே காயவிட்டு, பதினொரு பூச்சு முடிந்தபோது அக்டோபர் போய்விட்டது. கிடார் தேன் நிறத்தில் சுவரில் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா அந்தச் சுவரோரம் பெருக்கும்போதுகூடத் தலையைத் தூக்கவில்லை.

ஆனால் அதற்குக் குரல் இல்லை. எலெக்ட்ரிக் கிடாரின் குரல் மரத்தில் இருப்பதில்லை. தந்திகளுக்கு அடியில் 'பிக்கப்' என்று ஒன்று உண்டு, காந்தங்களைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி எட்டாயிரம் சுற்றுகள் ஓடும் ஒரு சின்னக் காயில், தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். ரிப்பேர் கடையில் கிடைத்த பழைய பிக்கப் ஒன்றில் காந்தங்கள் நன்றாக இருந்தன, கம்பி உள்ளே அறுந்திருந்தது. மீட்டரை வைத்தால் முள் அசையவில்லை. அதைச் சுற்றத் தெரிந்த ஆள் எங்கள் வீட்டிலேயே சமைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு முறை கேட்டார். "நாள் பூரா அதைத்தானே செஞ்சிட்டு வர்றேன், வீட்டுலயுமா?" என்றாள் முதல் முறை. இரண்டாம் முறை, "அந்தக் கைக்கு நான் செய்ய மாட்டேன்" என்று நேராகவே சொல்லிவிட்டாள். கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, அப்பா தாமே உட்கார்ந்தார். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கம்பிச் சுருள், வைஸில் இறுக்கிய கை டிரில், அதன் முனையில் பிக்கப். ஒரு கையால் டிரிலைச் சுற்றிக்கொண்டு மறு கையால் கம்பியை ஓட்டப் பார்த்தார். இருநூறு சுற்று வந்ததும் 'டிக்' என்று அறுந்தது. மறுபடி தொடங்கினார், மறுபடி 'டிக்'. ஐந்தாவது 'டிக்'குக்கு அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. முந்தானையில் கை துடைத்துக்கொண்டு அம்மா வந்தாள்.

"கம்பி சுத்துறீங்களா, கழுத்தை நெரிக்கிறீங்களா? சாக்கு, போதும், நகருங்க. நீங்க டிரிலை மட்டும் சுத்துங்க, நான் கம்பி ஓட்டுறேன்."

மனம் இளகி வந்தாள் என்று சொல்லமாட்டேன். கெட்ட வேலையின் சத்தத்தை அவளால் சகிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் வலக்கையிலும் அது அறுந்தது. தொழிற்சாலையில் அவள் சுற்றிய கம்பியைவிட இது இன்னும் மெல்லியது. கம்பியை ஓட்டும் விரல் ஓர் இழை அதிகம் இழுத்தாலும் போச்சு. மூன்று முறை அறுந்தது. அவள் அறுந்த முனையை விரலில் சுருட்டி ஓரமாகப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "கதவைச் சாத்து" என்றாள்.

சாத்தினேன். அவள் முக்காலியை டிரிலுக்கு மறுபக்கம் நகர்த்திப் போட்டு, கம்பியை இடக்கையில் எடுத்தாள்.

அந்தக் கையை அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. பதின்மூன்று வருடமாகப் பாத்திரத்தைப் பிடிக்கவும் முந்தானையைச் செருகவும் மட்டுமே இருந்த கை, கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே வாங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, தூங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல ஓடவிட்டது. ஐந்நூறு சுற்று, ஆயிரம் சுற்று, அறுந்துபோகவே இல்லை. அப்பாவின் கை டிரிலில் நின்றுவிட்டது.

"இன்னா இது? கல்யாணம் ஆகிப் பதினஞ்சு வருஷமாச்சு, எனக்கே தெரியாதே."

"தெரிஞ்சு இன்னா பண்ணப் போறீங்க? சுத்துங்க, கம்பி தொய்ஞ்சிடும்."

அப்பா சுற்றினார். கண்ணைக் கம்பியிலிருந்து எடுக்காமலே அம்மா சொன்னாள், யாருக்கு என்று சொல்லாமல். "எங்கப்பா சுருட்டால ரெண்டு தடவை சுட்டாரு. மூணாவது தடவைக்கு நான் எடம் குடுக்கல." அவள் இடது முழங்கைக்கு உள்பக்கம் இருந்த இரண்டு வட்டத் தழும்புகளை நான் அம்மைத் தழும்பு என்றே நினைத்திருந்தேன். இன்னும் நூறு சுற்று ஓடியபின் என் பக்கம் திரும்பாமல், "உன்னை நான் அடிச்சேன். சுடல" என்றாள்.

கதைகளில் வருவது போல நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பட்டவளுக்குத் தெரியாதா அந்த வலி என்று கேட்கத் தோன்றியது. அந்தக் கோபம் இன்றைக்கும் முழுக்கப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று நான் எழுந்து போகவில்லை. அவள் சுற்றி முடிக்கும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவளும் பார்க்கவிட்டாள்.

மீட்டர் வைத்தபோது முள் எழுந்தது. கம்பி ஆடாமல் இருக்க மெழுகுவர்த்திகளை உருக்கி அதில் காயிலை முக்கி எடுத்துப் பொருத்தினோம். கிறிஸ்மஸ் ஆராதனையில் இடது பக்கம் நான், என் இடது கையில் தாளம். பயத்தில் இரண்டு இடங்களில் தாளம் தப்பியது, கவனித்தவர்கள் குறைவு. பெண்கள் வரிசையில் அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னை, என் கையை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுளிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. மத்தியானம் பிரியாணியில் நான் இடக்கையை வைத்தபோது, "அது வேற, இது வேற" என்று தட்டிவிட்டாள். கட்டிவைக்கும் துப்பட்டா மட்டும் அதன்பிறகு வெளியே வரவில்லை. அவளும் காயில் சுற்றிய அந்த ஒரு மதியத்துக்குப் பிறகு இடக்கையால் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

இப்போது நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன், கம்பெனி கேபில் போய் வருகிறேன். எங்கள் வட்டாரம் இருந்த இடத்தில் நான்கு மாடி பி.ஜி. ஹாஸ்டல் நிற்கிறது. அப்பாவின் டூல்ரூமை மூடிவிட்டார்கள். அம்மா வேலை பார்த்த கூடத்தில் இப்போது இயந்திரங்களே சுற்றிக்கொள்கின்றனவாம், பெண்கள் நின்று பார்த்துக்கொண்டால் போதுமாம். கிடார் என்னிடம் இருக்கிறது. பிக்கப் பழசு, இரைச்சல் போடுகிறது, நல்லதாக ஒன்று மாற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மாற்றமாட்டேன். அம்மாவின் இடக்கை முழுசாகச் செய்து முடித்த வேலை என்று எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். சபைப் பெண்கள் குளிப்பாட்டி, வெள்ளைப் புடவை உடுத்தி, கைகளுக்கு வெள்ளை உறை மாட்டி, இடக்கை அடியிலும் வலக்கை மேலுமாக மடித்து வைத்திருந்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் வரிசையாக வந்து கடைசியாகப் பார்த்தார்கள். என் முறை வந்தபோது குனிந்து அவள் வலக்கையை எடுத்துக் கீழே வைத்து, இடக்கையை மேலே வைத்தேன். விறைத்திருந்ததால் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது.

"இன்னாடி பண்றே?" என்று அத்தை என் தோளைப் பிடித்தார்.

"இருக்கட்டும், விடு" என்றார் அப்பா. "அதுதான் அவ கை."